யாருக்கு இந்த எண்ணம்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பாதிப் பேச்சைப் பேசி முடித்துவிட்ட வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, தமிழாசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் இளைஞர்களே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

‘நான் யார்?’ என்று தன்னைத் தானே ஆராயும் ஆன்ம விசாரணையைச் செய்யும் முறை, அதில் நேரும் தவறுகள், வீட்டு வேலைக்கு நடுவே அதைத் தொடர்வது என்று மூன்று செய்திகளை அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ‘அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது?’ என்பார்கள். கடன் அடையட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்புறம் தியானம் என்கிறவர்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

முறைக்கு வருவோம். 1902 வாக்கில், வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை திருவண்ணாமலை மலைக்குகைக்குப் போய், பேசாதிருந்த இளைஞர் ரமணரிடம் ‘நான் யார்?’ என்று கேட்டார். பதில்கள் எழுத்தில் வந்தன. அதில் மந்திரமும் இல்லை, தீட்சையும் இல்லை.

முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு நாற்காலி போதும். தொடக்கத்தில் 20 நிமிடம். ‘நாளைக்கு சிலிண்டர் வருமா?’ என்று ஓர் எண்ணம் வரும். அதைத் துரத்தவும் வேண்டாம், பின்னாலேயே போகவும் வேண்டாம். ‘இது யாருக்கு?’ என்று கேளுங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். அந்த நான் யார் என்று கவனத்தை உள்ளே திருப்புங்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டர் நழுவிப்போய், ‘நான்’ என்ற உணர்வு மட்டும் ஒரு நொடி நிற்கும். உடனே அடுத்த எண்ணம். மறுபடி அதே கேள்வி. அந்த ஒரு நொடிதான் பயிற்சி.

பத்து பேர் ஆற்றைக் கடந்த கதை தெரியுமல்லவா? ரமணரும் எடுத்துச் சொன்ன பழைய வேதாந்தக் கதை. கரையேறியதும் ஒருவன் எண்ணுகிறான்: ஒன்பது! ‘தள்ளுடா, உனக்குக் கணக்கு வராது’ என்று அடுத்தவன் எண்ணுகிறான். அவனுக்கும் ஒன்பது. பத்து பேரும் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஐயோ, ஒருத்தனை ஆறு கொண்டுபோச்சே’ என்று மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி. செத்தவன் பெயர் என்ன என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை! வழிப்போக்கன் ஒருவன் வந்தான். ‘ஆளுக்கு ஓர் அடி போடுகிறேன், வாங்கியவன் எண்ணைக் கத்த வேண்டும்’ என்றான். ஒன்று, இரண்டு என்று போய்ப் பத்தாவது அடியும் விழுந்தது. காணாமல் போனவன் அழுதவர்களுக்குள்ளேயே இருந்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணினான். நாமும் மனத்தில் ஓடுவதையெல்லாம் கணக்கெடுக்கிறோம், கணக்கெடுப்பவனைத் தவிர.

இனித் தவறுகள். ‘நான் யார், நான் யார்’ என்று ஜபம் செய்வது ஒன்று. உதடு சுற்றும், கவனம் திரும்பாது. ‘நான் பிரம்மம்’ என்று படித்ததை ஒப்பிப்பது இன்னொன்று. அதுவும் ஓர் எண்ணம்தான். புருவ மத்தியை முறைத்துத் தலைவலி வாங்குகிறவர்களும் உண்டு. எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது லயம். எண்ணம் அடங்கி இதமாக இருக்கும், ‘நான்’ என்ற விழிப்பும் கூடவே மங்கிவிடும். எழுந்ததும் பழைய கவலை அத்தனையும் வரிசையில் நிற்கும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் இது நிச்சயம். கண்ணைத் திறந்து நாலு அடி நடந்துவிட்டு வந்து, கேள்வியைப் புதிதாகக் கேளுங்கள். மனம் ரொம்பத் தவித்தால் சிறிது நேரம் மூச்சைக் கவனிக்கலாம். அது அடக்கும், வேரை அறுக்காது. இந்த அரைத் தூக்கத்தைச் சமாதி என்று பெயரிட்டுக் கட்டணம் வாங்குகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவேதான் கட்டணமில்லாமல் உட்கார்ந்து இதைப் பழக, நூலகத்துக்கு ஓர் அறை வீதம் கேட்கிறோம். ‘அலை எப்போது ஓயும் என்று எங்களைக் கேட்டவர், இப்போது அறை கேட்கலாமா?’ என்பீர்கள். அலை ஓய வேண்டாம் ஐயா, இறங்கப் படித்துறை வேண்டாமா? தொலைக்காட்சி ஓடும் ஒற்றை அறை வீட்டில் பள்ளிப் பிள்ளை எங்கே உட்காரும்? ஒவ்வொரு கிளை நூலகத்திலும் பத்து நாற்காலி, நாலு பாய், வாசலில் கைபேசி போட ஒரு பெட்டி. மாலையில் இரண்டு மணி நேரம். படம், ஊதுபத்தி, உண்டியல் எதுவும் கூடாது. எந்த மதத்தவரும், மதமே வேண்டாம் என்பவரும் வந்து உட்காரலாம்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். நூலக அலுவலர் இங்கேயே இருக்கிறார், மனுவை இன்றே அவர் கையில் கொடுத்துவிடலாம். வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்தோடு, எந்தக் கிளை நூலகத்தின் உறுப்பினர் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.