வானிலையியலா, சுற்றுச்சூழல் அறிவியலா? ஒரு மாணவியின் சந்தேகம்

அடுத்த கேள்வி தூத்துக்குடியிலிருந்து. இயற்பியல் இளங்கலை கடைசி வருடம் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “மேலே ஆராய்ச்சி வரை போக ஆசை. எம்.எஸ்சி.க்குச் சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பதா, வானிலையியல் எடுப்பதா? இரண்டும் ஒன்றுதானே, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதைப் படி என்று வீட்டில் சொல்கிறார்கள்.”

இரண்டும் ஒன்று இல்லைம்மா. ஒரே விஷயத்தைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வி வேறு.

போகி அன்று விடியற்காலைச் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். டயர், பழைய துணி, பாய் என்று எரிக்கிறார்கள். புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமான வருடங்கள் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர் அங்கே வடிதாளில் தூசியைப் பிடித்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவார். அதில் என்னென்ன உலோகம், எவ்வளவு கரி, எது டயரிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பார். பி.எம். 2.5 எனும் நுண்துகள் 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. அது எவ்வளவு தாண்டியது, மூச்சுக்குழாயில் என்ன செய்யும் என்பது அவருடைய கவலை.

வானிலையியல்காரர் கேட்பது, இந்தப் புகை ஏன் மேலே போகவில்லை என்று. மேகமில்லாத ஜனவரி இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதற்கு மேலே இருக்கும் காற்று வெப்பமாக இருக்கும். வழக்கத்துக்கு நேர்மாறு. கனமான காற்று எழும்பாது, காற்று வீசுவதும் குறைவு, அதனால் புகை நம் மூக்கு உயரத்திலேயே நின்றுவிடும். ஈரமும் சேர்ந்தால் துகள்கள் மேல் பனித்துளி படிந்து மூட்டம் இன்னும் அடர்த்தியாகும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலையும்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை விடும் பலூன், உயரத்துக்கு உயரம் வெப்பநிலையை அளந்து அனுப்புகிறது. காலை 5.30 மணி அளவீட்டை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். மணலி, ஆலந்தூர் நிலையங்களின் நுண்துகள் அளவு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் இருக்கிறது. ஒரு போகி நாளை எடுத்து இரண்டையும் வரைந்து பாருங்கள். வடிதாளில் இருப்பது என்ன என்று மனசு அலைந்தால் சுற்றுச்சூழல் அறிவியல். வெப்பநிலைக் கோட்டை விட்டுக் கண் நகரவில்லை என்றால் வானிலையியல்.

பாடத்திட்டமும் அப்படித்தான் பிரிகிறது. சுற்றுச்சூழல் எம்.எஸ்சி.யில் பெரும்பாலும் வேதியியல், சூழலியல், கழிவுநீர், சட்டம் வரும். நீங்கள் மூன்று வருடம் படித்த இயற்பியலுக்கு அங்கே வேலை குறைவு. வானிலையியலில் வெப்ப இயக்கவியல், பாய்ம இயக்கவியல், வகைக்கெழுச் சமன்பாடு இல்லாமல் ஒரு நாள் நகராது. கணக்கு பிடிக்கும் என்றால் அந்தப் பக்கம் போங்கள் என்பதுதான் என் கருத்து. கூடவே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியை இன்றைக்கே தொடங்குங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு கேள்வி கிடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. வானிலைத் துறை 1901 முதல் நாள்வாரி மழையைக் கட்டம் கட்டமாகத் தருகிறது. ஒரு கட்டம் கால் டிகிரி, அதாவது ஏறக்குறைய 28 கி.மீ. சதுரம்; அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே சராசரி எண்தான். அந்த 95 செ.மீ. அந்தச் சராசரியில் எவ்வளவாகச் சுருங்குகிறது? அந்தச் சுருங்கிய எண்ணை நம்பி ஒரு குளத்தின் கரையை எவ்வளவு உயர்த்துவது? இது ஒரு முதுகலை ஆய்வுக்குத் தாங்கும்.

எங்கே படிப்பது? வானிலையியல் முதுகலைக்குக் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம். முனைவர் பட்டத்துக்குப் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யின் வளிமண்டல, கடல் அறிவியல் மையம், புனே வெப்பமண்டல வானிலை நிறுவனம், டெல்லி ஐ.ஐ.டி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண் வானிலையியல் உண்டு, ஆனால் அது வேளாண் பட்டம் படித்தவர்களுக்கு. வெளியூர் அனுப்ப வீட்டில் தயங்கினால் இன்னொரு வழி: எம்.எஸ்சி. இயற்பியலையே பக்கத்தில் நன்றாகப் படித்துவிட்டு, ஆராய்ச்சிக்கு வானிலையியல் பக்கம் வாருங்கள். இந்தத் துறையில் அப்படி வந்தவர்கள் நிறைய.

மேற்படிப்புச் சேர்க்கைக்கு உதவும் கேட் (GATE) தேர்வை இளங்கலை மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம். பொறியியல் அறிவியல் தாளில் வளிமண்டல, கடல் அறிவியல் ஒரு பிரிவு. ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்விலும் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியலுக்கு ஒரு தாள் உண்டு. அதில் இளநிலை ஆய்வாளராக (ஜே.ஆர்.எஃப்.) தேறினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. “ஆராய்ச்சி என்றால் இன்னும் எத்தனை வருடம் நாங்கள் பணம் கட்டுவது” என்று அம்மா அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.