மோட்டார் போட ஆப் வேணுங்களா? கோபியிலிருந்து வந்த கேள்வி

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, எங்க தோட்டத்து மொபைல் ஸ்டார்ட்டர் இத்தனை வருசமா மிஸ்டு கால்லயே ஓடுச்சு, இப்ப பழுதாயிருச்சு. கடைல ஆப்ல ஓடறதைத்தான் காட்டறாங்க. வாங்கலாமுங்களா?" மொபைல் ஸ்டார்ட்டர் என்பது சிம் போட்டு, தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் வைக்கிற பெட்டி. இந்தக் கேள்வி வந்து இரண்டு வாரமாகிறது, மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. எங்கள் மாமன் தோட்டத்திலும் இதே கதைதான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் பெட்டியில் கையால் அமுக்குகிற பச்சை பட்டனும் சிவப்பு பட்டனும் இருக்க வேண்டும். ஆப் இல்லாமல் போன் காலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ஓட வேண்டும். அப்புறம் உள்ளே 2ஜி சிம் மட்டும்தான் எடுக்குமா, 4ஜியும் எடுக்குமா என்று கேளுங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது, 2ஜி பெட்டியில் அந்த சிம் எடுக்காது. உங்கள் பழைய பெட்டிக்கே சிம்தான் கோளாறாக இருக்கலாம், தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.

சரி, மாமன் கதைக்கு வருகிறேன். ஆப் ஸ்டார்ட்டர் வாங்கினார். வோல்டேஜ் எவ்வளவு, எந்த பேஸ் இல்லை, எத்தனை மணி நேரம் ஓடியது, எல்லாம் போனிலேயே தெரியும். ஆறு மாதம் சந்தோஷமாகத்தான் இருந்தார். பங்குனி வெயிலில் வாழை வாடிக்கொண்டிருந்த நேரம், ராத்திரி ஒரு மணிக்கு மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. ஆப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன். டார்ச் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனோம். பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்று லைட்டும் எரிகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நன்றாக இருக்கிறது. அமுக்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் கம்பெனி பேர் போட்ட ஸ்டிக்கர். மாமன் பழக்க தோஷத்தில் அந்த ஸ்டிக்கரைக் கட்டை விரலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். நாலு மணிக்குக் கரண்ட் போய்விட்டது, ஒரு மடைக்குக்கூடத் தண்ணீர் போகவில்லை. மறுநாள் போன் போட்டுக் கேட்டால் சர்வரில் வேலை நடந்தது என்றார்கள். மாமன் போனும் மோட்டாரும் ஒரே தோட்டத்தில் இருக்கின்றன, உத்தரவு மட்டும் எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டருக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும்!

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கிரைண்டர் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், டிவி ரிமோட் பற்றிப் பேசியபோதும் சொன்னேன்: பொருளை வாங்கினால் சுவிட்சும் நம் கைக்கு வந்தாக வேண்டும். நம்ம கோயமுத்தூர் கிரைண்டரைப் பாருங்கள், கல்லைத் தூக்கிக் கழுவலாம், பெல்ட் போனால் கடையில் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாம், யாரிடமும் லாகின் கேட்டு நிற்க வேண்டியதில்லை. தம்பி எதை வாங்கலாம் என்று கேட்டார். அந்தப் பட்டனை எடுத்துவிட யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். பட்டன் ஒன்றும் பெரிய விலை இல்லை. பட்டன் இருந்தால் ஆப் வேண்டாம் என்று நாம் இருந்துவிடலாம், இரண்டாம் வருசம் ஆப்புக்குச் சந்தா கேட்க முடியாது. மாமனிடம் கேட்டார்கள்.

நம்ம பக்கம் மோட்டாரும் கரண்டும் என்றைக்குமே அரசியல்தான். 1970 ஜூனில் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று விவசாயிகள் செத்துப் போனார்கள். 1972இல் விவசாய சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கோவைக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எங்கள் அப்புச்சியும் அதில் வண்டி பூட்டிக்கொண்டு போனவர். மோட்டாருக்கு வருகிற கரண்டுக்காக அவ்வளவு தூரம் போனவர்களுடைய பேரன் நான், அந்த மோட்டாரைப் போடுகிற பட்டனை விட்டுவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

கேட்டால் என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு ஒன்று. 2025 நவம்பர் கடைசியில், புது போன்களில் சஞ்சார் சாத்தி ஆப்பைப் போட்டுத்தான் விற்க வேண்டும் என்று மத்திய தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. தொலைந்த போனை முடக்க உதவுகிற ஆப், நல்ல ஆப்தான். ஆனால் வேண்டாதவர்கள் எடுத்துவிட முடியுமா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதியே அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மாமன் இப்போது கவுந்தப்பாடி எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துப் பக்கத்திலேயே தனியாகப் பட்டன் மாட்டிவிட்டார். வாரண்டி போனது போனதுதான், அதனால்தான் வாங்கும்போதே பாருங்கள் என்கிறேன். தம்பி, கடையில் காட்டிய பெட்டியின் மூடியை முன்பக்கம் தெளிவாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.