அளவை வைத்தது யார்?

(மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஓர் ஆலய மண்டபத்தில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதிப் போடுகிறேன்.)

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும் டத்தோ அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் கொடுத்த ஆலயத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மாதர் பிரிவுத் தலைவி அவர்களே (இவரை விட்டால் அடுத்த தடவை டீ கிடைக்காது), பின்னால் நிற்கும் தம்பிமார்களே, வணக்கம். டத்தோவுக்கு மாலை போட மறந்துவிட்டோமாம். போட்டுவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.

சரி. மூன்று விஷயம் பேச வந்தேன்: மசாலாத்தூள், நிப்பா, அஜினோமோட்டோ. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். நான் மேடை ஏறினால் இந்தப் பழமொழியும் கூடவே ஏறிவிடும், உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அளவை யார் வைத்தது? என் சண்டையே அதுதான், வாசலில் கையெழுத்துத் தாள் வைத்திருப்பதும் அதற்குத்தான்.

2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்தியாவின் எவரெஸ்ட் கம்பெனி மீன் குழம்பு மசாலாவைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். ஹாங்காங்கில் இன்னொரு இந்தியக் கம்பெனியான எம்டிஹெச்சின் பொடிகள் மூன்றும் சேர்ந்து மாட்டின. எத்திலீன் ஆக்சைடு என்ற வாயு இருந்தது என்றார்கள்; எங்கள் சரக்கில் குறையே இல்லை என்றன கம்பெனிகள். வாட்ஸ்அப்பில் குரல் பதிவு பறந்தது. என் சின்ன அத்தை அதைக் கேட்டுவிட்டு அடுக்களையில் இருந்த பாக்கெட் அத்தனையையும் குப்பையில் போட்டார். எவரெஸ்ட் அவர் வீட்டில் கிடையவே கிடையாது! மஞ்சள், சீரகம், பாவம் பெருங்காய டப்பாகூடப் போனது. மாமாவைப் பெரி (படகு) ஏற்றிப் பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பி மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கிவரச் சொன்னார். கழுவி, வாசலில் பாய் போட்டுக் காயவைத்தார். மழை வந்தது. உள்ளே எடுத்தார். வெயில் வந்தது, வெளியே போட்டார். மாமா தும்மிக்கொண்டே காக்கை விரட்டினார். கடைசியில் மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனால், மில்காரர் சாக்கைத் திருப்பிப் பார்க்கிறார், குண்டூர் என்று அச்சடித்திருக்கிறது. “அக்கா, நீங்க வீசின தூளும் அந்தப் பக்கத்து மிளகாய்தானே?” அத்தை அசரவில்லை. “இதை நான் கழுவினேன்ல!”

சிரிக்கிறீர்கள். அத்தை மேல் எனக்குக் கோபமே இல்லை, அவருக்கு யார் என்ன சொன்னார்கள்? சால்மொனெல்லா கிருமியைக் கொல்லத்தான் மசாலாவுக்கு இந்த வாயுவைக் காட்டுகிறார்கள். ஆஸ்பத்திரி சாமான்களைச் சுத்தப்படுத்துவதும் இதே வாயுதான். புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில் வைத்திருப்பதும் இதையேதான். ஐரோப்பாவில் கிலோ மசாலாவுக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு, அதுவும் இந்த வாயுவிலிருந்து பிறக்கும் இன்னொரு ரசாயனத்தையும் சேர்த்து எண்ணி. அமெரிக்காவில் 7 மில்லிகிராம், அந்த இன்னொன்றுக்குத் தனியாக 940! அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு, சரி. எந்த ஊர் அளவுக்கு? விஞ்ஞானம் ஒன்றுதான், வியாபாரியும் விவசாயியும் அரசாங்கமும் உட்கார்ந்து பேசும்போது எண் ஊருக்கு ஊர் மாறிவிடுகிறது.

அப்புறம் நிப்பா, பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய வைரஸ் காய்ச்சல். 1998-99இல் நம் நாட்டில் அது பரவியபோது முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரிய ஆண்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்சில் இது புதிய வைரஸ் என்று கண்டுபிடித்தார். நூறு பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள், பன்றி இறைச்சியைத் தொடவே ஜனங்கள் பயந்தார்கள். செத்தவர்களின் வயதையும் தொழிலையும் எல்லோரும் பார்க்கும்படி ஒரு தாளில் ஒட்டியிருந்தால் தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை)கூடக் கேட்டிருப்பார், கொசு பண்ணைக்காரனை மட்டும் தேடித் தேடிக் கடிக்குமா என்று.

அதனால்தான் இந்தக் கையெழுத்து வேட்டை. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் நமக்கு இருக்கிறது. அரசாங்கம் உணவைச் சோதித்த பிறகு சொல்லும் ‘பாதுகாப்பானது’ என்ற ஒரு சொல் எனக்குப் போதாது. எவ்வளவு இருந்தது, எவ்வளவு வரை விடலாம், அந்த வரம்பை வைத்தது யார், இவ்வளவும் தமிழிலும் வரவேண்டும், மளிகைக்கடைச் சுவரிலும் ஒட்டவேண்டும். எண்ணைச் சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். சொல்லாதபோது மட்டும் அத்தை என்ன, நிம்மதியாகக் குழம்பு வைத்துக்கொண்டா இருந்தார்?

டத்தோ கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், அஜினோமோட்டோ இன்னொரு நாளைக்கு. தாள் வாசலில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து டத்தோவுடையது, முடியாது என்று சொல்லமாட்டார். ஐசி (அடையாள அட்டை) எண் வேண்டாம், பெயரும் குடியிருக்கும் தாமானும் போதும். பேனாவை யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.