சிக்ஸருக்குப் போனது யார்?

நண்பர்களே, ஆங்கில மரபுத்தொடர்களில் கிரிக்கெட் மைதானத்திலிருந்து வந்தவற்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தத் தைரியத்தில்தான் இங்கே சறுக்குகிறோம்.

‘தி நியூஸ் நாக்டு ஹிம் ஃபார் சிக்ஸ்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொல்கிறார். சிக்ஸ் என்றதும் நமக்குக் கை தட்டத் தோன்றும். தட்டிவிடாதீர்கள்! அந்த மனிதர் மட்டை பிடித்தவர் அல்ல, பந்து. செய்தி அவரை அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. வேலை பறிபோனவரைப் பற்றியும், வீட்டில் சாவு விழுந்தவரைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள்.

அடுத்தது, ‘ஆன் எ ஸ்டிக்கி விக்கெட்’. இங்கே விக்கெட் என்பது ஆடுகளம். மழைக்குக் களத்தை மூடிவைக்காத காலத்தில், நனைந்த மண் வெயிலில் காயத் தொடங்கும்போது பிசுபிசுக்கும். ஒரு பந்து முகத்துக்கு எகிறும், அடுத்தது கணுக்காலோடு ஊர்ந்து போகும். 1950 டிசம்பர், பிரிஸ்பேன் டெஸ்ட். மழைக்குப் பிறகு இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 68 ரன்னில் டிக்ளேர் செய்தது. ஆஸ்திரேலியா மட்டும் சளைத்ததா என்ன? 7 விக்கெட்டுக்கு வெறும் 32 ரன்னில் அதுவும் டிக்ளேர்! களம் காய்வதற்குள் எதிரணியை அதில் இறக்கிவிட வேண்டுமே. அந்த ஒரு நாளில் விழுந்தவை 20 விக்கெட்டுகள். இரண்டாவது இன்னிங்ஸில் லென் ஹட்டன் எட்டாவதாக இறங்கி, ஆட்டமிழக்காமல் 62 ரன் எடுத்தும் இங்கிலாந்து 70 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

இதைத் தெரிந்துகொண்டால், ‘கஷ்டமான நிலை’ என்று அகராதி சொல்வது போதாது என்பது புரியும். பேருந்தைத் தவறவிட்டதற்கு இந்தத் தொடர் பொருந்தாது. நியாயப்படுத்தவே முடியாத ஒரு முடிவை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேச எழும் அமைச்சர் இருக்கிறாரே, அவர் நிற்பதுதான் ஸ்டிக்கி விக்கெட். எந்தப் பதில் சொன்னாலும் காலை வாரும்.

‘ஆஃப் ஹர் ஓன் பேட்’ என்பதில் சிக்கல் குறைவு. யாரும் சொல்லாமல், தானாகவே செய்தாள் என்று பொருள். ‘ஆஃப்’ இருக்கும் இடத்தில் ‘வித்’ போட்டுவிட்டால், சொந்த மட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்தாள் என்றாகிவிடும்!

அமெரிக்க அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் இந்தத் தொடரைத் தவிர்ப்பது நல்லது. அமெரிக்கர்களுடைய ஊற்று பேஸ்பால். பால்பார்க் என்பது பேஸ்பால் மைதானம். ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால் அவர்களுக்கு வேண்டியது குத்துமதிப்பான ஒரு தொகை. பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.