நேராகக் கேட்டுவிடலாமா? (நேயர் கேள்வி: தற்கொலை எண்ணம்)

அடுத்த கேள்வி. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு நேயர் அனுப்பியிருக்கிறார். "என் நண்பன் சில மாதங்களாகவே 'நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி' என்று சொல்லிக்கொண்டிருந்தான். தற்கொலை பற்றி நேராகக் கேட்கப் பயம், நானே அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டால் என்ன செய்வது? போன வாரத்திலிருந்து திடீரென்று அமைதியாகிவிட்டான். இனிக் கவலைப்பட வேண்டாமா?"

சரி, முதலில் அந்தப் பயத்தை எடுத்துக்கொள்வோம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வந்த ஒரு கட்டுரை, கேட்கப்பட்டவர்களுக்குத் தற்கொலை எண்ணம் கூடியதாகத் தெரியவில்லை, குறையவும் கூடும் என்றுதான் சொன்னது. அதுவும் உங்கள் நண்பர் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நீங்கள் புதிதாக எதைக் கிளப்பப் போகிறீர்கள்? "சொல்கிறவன் செய்யமாட்டான், சும்மா மிரட்டுகிறான்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள், தற்கொலையால் இறந்தவர்களில் நிறையப் பேர் அதற்கு முன் யாரிடமோ ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறோம். "நீ அப்படியெல்லாம் ஒன்றும் யோசிக்கலையே?" என்று கேட்டால் 'இல்லை' என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். அவரும் சிரித்துக்கொண்டே இல்லை என்பார், விஷயம் அதோடு முடிந்துபோகும். இருவர் மட்டும் இருக்கும்போது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "கொஞ்ச நாளா நீ சொல்றதக் கேட்டா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும், அந்த நேரத்தில் நம் வாய் சும்மா இருக்காது, ஆறுதல் சொல்லப் போய்விடும். வேண்டாம். "உனக்கு என்ன குறை, பெற்றவர்களை நினைத்துப் பார்" என்பதும் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே தன்னை ஒரு பாரமாக நினைக்கிறவருக்கு அது இன்னொரு குற்றவுணர்ச்சி.

ஆமாம் என்றால் பதறாமல் மேலே கேளுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறாரா? முன்பு முயன்றவருக்கு ஆபத்து அதிகம். திட்டமும் நாளும் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், அப்போதே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், முடியாவிட்டால் அவசர உதவிக்கு அழையுங்கள். அவர் நினைத்து வைத்திருக்கும் பொருள் எதுவோ, அது அவர் கைக்கு எட்டாதபடி வேறொருவர் பொறுப்புக்குப் போகட்டும். "தடுத்தால் வேறு வழியில் செய்வார்களே" என்பார்கள். அமெரிக்காவில் 1978இல் வெளியான ஓர் ஆய்வு, 1937 முதல் 1971 வரை கடைசி நேரத்தில் தடுக்கப்பட்ட 515 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவர்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்கள் பிறகும் தற்கொலையால் இறக்கவில்லை. அந்த வேகம் பெரும்பாலும் ஏறி இறங்குகிற ஒன்று, அது இறங்கும் வரை நேரம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தத் திடீர் அமைதி. உண்மையிலேயே தேறியிருக்கலாம். முடிவெடுத்துவிட்டதால் வந்த அமைதியாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து நீங்களோ நானோ சொல்ல முடியாது, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பிரியமான பொருட்களை எடுத்துக் கொடுப்பது, பாக்கிகளை அவசரமாகத் தீர்ப்பது, காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்பது, இவை கூடவே தெரிந்தால் இன்றைக்கே கேளுங்கள்.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஒரு மனநல மருத்துவரிடம் போக நேரம் வாங்கிக் கொடுங்கள், முதல் தடவை கூடவே போங்கள். அதோடு விட்டுவிடவும் கூடாது, தொடர்பு அறாமல் இருப்பதற்கே ஒரு பலம் இருக்கிறது. ஜெரோம் மோட்டோ என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சைக்கு வராத 843 பேரில் ஒரு பகுதியினருக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தார். அறிவுரை எதுவும் இல்லை, நலமா என்கிற மாதிரி சில வரிகள். கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு வருடங்களில் தற்கொலை இறப்பு குறைவாக இருந்தது. 2001இல் இந்த முடிவை வெளியிட்டார்கள். நீங்கள் கடிதம் எழுத வேண்டியதில்லை, "நினைப்பு வந்தது, பதில் போடணும்னு இல்லை" என்று வாரம் ஒரு மெசேஜ் போதும்.

தொலைபேசி உதவி எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988, பிரிட்டனில் 116 123. அவர் பேச மறுத்தாலும் நீங்கள் கூப்பிட்டு, என் நண்பர் இப்படி இருக்கிறார், நான் என்ன செய்யட்டும் என்று கேட்கலாம்.