சுவருக்குள் ஒரு தூண்: வாலாஜாபேட்டையில் பழைய வீட்டை அளந்தபோது

வணக்கம். புதுப்பிக்கும் வேலை பாதியில் நிற்கும் ஒரு பழைய வீட்டின் முற்றத்திலிருந்து, வாலாஜாபேட்டையிலிருந்து பேசுகிறேன். வெளியே திண்ணை, உள்ளே ரேழி என்னும் நடை, நடுவே முற்றம், அதைச் சுற்றித் தேக்குத் தூண்கள் தாங்கும் தாழ்வாரம் என்று தமிழ்நாட்டுப் பழைய வீடுகள் பலவற்றிலும் காணும் அமைப்பு. சென்னை இராயபுரத்திலிருந்து 1856-இல் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை வாலாஜா ரோடு வரைதான் வந்தது. இந்த உத்திரங்களும் அந்த வழியாக வந்திறங்கியிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சமையலறையை அடுத்த இந்தக் குறுக்குச் சுவரை இடித்துவிட்டால் கூடம் அகலமாகும் என்பது மேஸ்திரியின் யோசனை. செங்கல்லும் சிமெண்டும் வைத்துப் பிற்காலத்தில் எழுப்பிய சுவர் என்பதால் வீட்டுக்காரப் பாட்டியும் சம்மதித்துவிட்டார். இடிப்பதற்கு முன்னால் ஒருமுறை அளந்துவிடுகிறேன் என்று நான்தான் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

தாழ்வாரத்தில் ஒரு தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையம் வரை 6 அடி 2 அங்குலம். மூன்று பக்கமும் அதே அளவு. இந்தப் பக்கத்தில் மட்டும், சுவர் இருக்கும் இடத்தில், 12 அடி 4 அங்குலம். சரியாக இரண்டு மடங்கு! அந்தக் காலத்து ஆசாரி இவ்வளவு நீளத்துக்கு ஒரு தூணைத் தவிர்த்திருக்க மாட்டார் என்று தோன்றியதால், நடுப்புள்ளியில் பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். இதோ, நீங்களே பாருங்கள்: உத்திரத்தைத் தாங்கும் தலைக்கட்டையான போதிகையோடு ஒரு தேக்குத் தூண் சுவருக்குள் நிற்கிறது. மேலே இருப்பது மெட்ராஸ் டெரஸ், அதாவது உத்திரத்தின்மேல் கட்டைகளைப் பரப்பி, மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய தளம். அதன் எடை மொத்தமும் தூண்களின் தலையில்தான் இறங்குகிறது. சம்மட்டி ஒரு வீச்சு தவறித் தூணில் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மேஸ்திரியும் நானும் அதற்குப்பின் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது கேமராவைத் தூணின் அடிக்குக் கொண்டுவருகிறேன். மேல்பகுதியில் இந்த ஸ்குரூ டிரைவரை அழுத்தினால் நுனிகூட இறங்கவில்லை. வைரம் பாய்ந்த கட்டை. கீழே, கல் பீடத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை, வெண்ணெயில் இறங்குவதுபோல 2 அங்குலம் இறங்குகிறது. கரையான் தடம் எதுவும் இல்லை. சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும், சிமெண்ட் பூச்சு விடாது. அடைபட்ட ஈரம் மரத்தைத்தான் தின்றிருக்கிறது. மற்ற தூண்களின் அடியையும் இப்படியே குத்திப் பார்த்தேன். காற்றுப் படும்படி நிற்பவை எல்லாம் கல்லாக இருக்கின்றன.

நீர்மட்டக் குழாய் பிடித்துப் பார்த்ததில், இந்த இடத்தில் உத்திரம் முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. அதை நிமிர்த்தப்போவதில்லை, இத்தனை ஆண்டுகள் அப்படியே பழகிய தளத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் விரிசல் விடும். நாளை இருபுறமும் முட்டுக் கொடுத்துவிட்டு, சுவரை மேலிருந்து ஒவ்வொரு செங்கல்லாகக் கையால் பிரித்து, உளுத்த ஒரு சாணை மட்டும் அறுத்துப் பழைய தேக்கிலேயே ஒட்டுப்போட ஆசாரி வருகிறார். கூடம் பாட்டி கேட்டபடியே அகலமாகும், நடுவில் ஒரு தூணோடு. அதில் ஊஞ்சல் கட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.