காதுல மாட்டினத கழட்டிட்டு ஓடிப் பாருங்க | பாண்டி பீச் ரோடு காலை வ்லாக்

வணக்கம் மக்களே! மணி அஞ்சே முக்கால் ஆகுது, பாண்டி பீச் ரோட்ல காந்தி சிலைகிட்ட நிக்கிறேன். காலைல ஏழரை வரைக்கும் இங்க வண்டி விடமாட்டாங்க, அதனால நிம்மதியா பேசலாம். காத்து அடிக்குது, சவுண்ட கொஞ்சம் கூட்டி வச்சுக்கங்க.

சுத்தி பாருங்க, பாதி பேர் காதுல ஏதோ ஒண்ணு இருக்கு. பாட்டு கேக்கறத நான் தப்பு சொல்லல. ஆனா முட்டி வலிக்குதுன்னு சொல்ற நிறைய பேருக்கு, தன்னோட கால் தரையில எப்படி விழுதுன்னே தெரியறதில்ல. முதல் பத்து நிமிஷமாவது காத சும்மா விடுங்க. உங்க காலடி சத்தத்த கேளுங்க.

இருங்க, கேமராவ கீழ வைக்கிறேன். முதல்ல எட்டி எட்டி கால் வச்சு ஓடறேன்... தப், தப்னு கேக்குதா? இப்ப அதே வேகம், எட்டி வைக்கற தூரம் மட்டும் கம்மி... சத்தம் பாதியா குறைஞ்சிருச்சு பாத்தீங்களா? எட்டி வைக்கும்போது கால் உடம்புக்கு ரொம்ப முன்னாடி போய் விழுது, முட்டி நீட்டிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு அடிக்கும் பிரேக் போடற மாதிரி. ஓடும்போது உடம்பு எடையப்போல ரெண்டு, ரெண்டரை மடங்கு விசை கால்ல இறங்கும். 60 கிலோ ஆளுக்கு 150 கிலோ வரைக்கும்! அத முட்டி தனியா தாங்கணுமா, இல்ல இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எல்லாம் பங்கு போட்டுக்கணுமாங்கறது நீங்க கால் வைக்கற விதத்துல இருக்கு.

ஓடும்போது நிமிஷத்துக்கு 180 தடவ கால் வைக்கணும்னு சொல்றாங்களே, அது 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ்ல ஓடினவங்கள பாத்து ஜாக் டேனியல்ஸ்ங்கற கோச் எண்ணின கணக்கு. அத அப்படியே உங்க தலையில தூக்கி வச்சுக்காதீங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்கிறீங்கன்னு எண்ணுங்க. 160 வருதுன்னா, வேகத்த கூட்டாம 168 ஆக்கிப் பாருங்க, அவ்ளோதான். 5லேருந்து 10 சதவீதம் கூட்டினாலே முட்டி மேல விழற பாரம் குறையுதுன்னு 2011ல விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுல பாத்திருக்காங்க. பாதத்தோட முன்பக்கத்துலதான் இறங்கணும்னு வம்படியா மாத்தாதீங்க, கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

கடலூர் மக்களுக்கு ஒண்ணு. சில்வர் பீச் மணல்ல நடக்கறது நல்லதுதான், ஆனா தார் ரோட்ல நடக்கறத விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி செலவாகும். ரோட்ல அரை மணி நேரம் நடக்கறீங்கன்னா மணல்ல பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. ஈர மணல் கெட்டியா இருக்கேன்னு தண்ணி ஓரமாவே போவோம், ஆனா அது கடல் பக்கம் சரிஞ்சு இருக்கும். ஒரு கால் எப்பவும் பள்ளத்துல, இடுப்பு கோணிக்கும். எவ்ளோ தூரம் போனீங்களோ அதே ஓரமா அவ்ளோ தூரம் திரும்பி வாங்க, ரெண்டு காலுக்கும் சமமாயிடும். சுகர் இருக்கறவங்க தயவு செஞ்சு வெறுங்கால்ல நடக்காதீங்க. கால்ல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சிப்பி கீறினா கூட தெரியாது.

வலிய எப்படி பிரிச்சுப் பாக்கறது? ரெண்டு தொடையும் கனமா வலிச்சு, ரெண்டு நாள்ல போயிடுச்சுன்னா பயப்பட வேணாம். முழங்காலுக்கு கீழ முன் எலும்ப விரலால இப்படி தடவிட்டு வாங்க. ஒரே ஒரு இடத்துல அழுத்தினா சுருக்குனு வலிக்குது, அங்கயே தினமும் வலிக்குதுன்னா ஓட்டத்த நிறுத்திட்டு எலும்பு டாக்டர பாருங்க. எலும்புல மெல்லிசா விரிசல் விட்டிருக்கலாம். மூச்சு சீக்கிரம் பழகிடும் மக்களே, எலும்பும், தசைய எலும்போட இணைக்கற தசைநாணும் மெதுவாத்தான் பழகும். மூச்சு வாங்கலையேன்னு தூரத்த கூட்டற இடத்துலதான் நிறைய பேருக்கு அடி படுது.

சரி, நான் டூப்ளே சிலை வரைக்கும் போயிட்டு வரேன். அடுத்த வீடியோல ஷூவோட அடிப்பக்கம் தேய்மானத்த வச்சு என்ன கண்டுபிடிக்கலாம்னு பாப்போம். உங்க பழைய ஷூவ தூக்கிப் போட்டுடாதீங்க!